அதுக்குத்தான் திட்டம் இருக்கே!

மனிதர்களில் திட்டம் சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இருமல் வருகிறதே என்று நீங்கள் தொண்டையைச் செருமுவதற்குள், அந்த இருமலுக்கு மத்திய அரசில் என்ன திட்டம், மாநில அரசில் என்ன திட்டம், யார் யாருக்குப் பொருந்தும், எந்தக் கவுண்டரில் போய் நிற்க வேண்டும் என்று அடுக்கி முடித்து, கடைசியில் உங்கள் அறியாமையை நினைத்து 'உச்' கொட்டவும் செய்வார்கள். மருந்து தர மாட்டார்கள். வழி தருவார்கள். அந்த வழியில் ஒரு நாளும் தாங்கள் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் குடியிருக்கும் பட்டாபி இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். மத்திய அரசுக் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தவர் இங்கேயே ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டார். காலையில் பேப்பரைப் பிரித்ததும் மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் பார்ப்பார்கள். பட்டாபி அரசு விளம்பரத்தைப் பார்ப்பார். முழுப்பக்க விளம்பரம் வந்துவிட்டால் அன்றைக்கு இன்னொரு டம்ளர் காபி கேட்பார். அவருடைய சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஓய்வூதியக்காரர்களுக்கான மருந்தகத்திலிருந்து மாதம் தவறாமல் பையில் வந்துவிடுகின்றன. கைவசம் இல்லாததை வெளியில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகையால் நாட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறது, வராதவர்கள் கேட்கத் தெரியாதவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. பையில் மாத்திரை வருகிற மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்?

அவர் வீட்டில் சமையல் செய்ய லதா என்று ஒரு பெண் வருகிறாள். சம்பாஹாட்டியிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து இறங்குபவள். பட்டாபியின் மனைவி சுந்தரவல்லியை 'மாஷிமா' என்பாள், பட்டாபியை 'மேஷோமஷாய்'. நம் ஊரில் சித்தி, சித்தப்பா என்கிற மாதிரி. லதாவுக்கு வலிப்பு நோய். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்து இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பழையது ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைத்தது. புதியது கிடைக்கவில்லை. வலிப்பை உண்மையில் கட்டி வைத்திருந்தது அந்தப் புதியதுதான். அதைத் தெருமுனையில் ரமேஷ்பாபுவின் மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு ரயிலேறுவாள்.

ஒரு நாள் அந்த மாத்திரை அட்டை பட்டாபியின் கண்ணில் பட்டது. இருவரும் பேசிக்கொண்டது பெங்காலியில். பட்டாபி பேசிய பெங்காலியைத் தமிழில் எழுதிவிடுவதுதான் அந்த மொழிக்கு நாம் செய்யும் மரியாதை.

"இதைக் காசு குடுத்தா வாங்கினே?"

"ஆமாம் மேஷோமஷாய். ஆஸ்பத்திரியில இது இல்லேங்கறாங்க."

"இல்லேன்னா திரும்பி வந்துடறதா? அது உன் உரிமை! உங்கிட்ட அரசு மருத்துவ அட்டை இருக்கோல்லியோ? கவுண்டர்ல போய் நின்னு அழுத்திக் கேக்கணும். உன்ன மாதிரி காசு குடுத்து வாங்கறவா இருக்கற வரைக்கும் அவா எப்படித் தருவா?"

உள்ளேயிருந்து சுந்தரவல்லி, "அவளைச் சமைக்க விடுங்கோ" என்றாள். பட்டாபி விடவில்லை. அன்று கத்தரிக்காய் வதங்கி முடிவதற்குள் ஏழைகளுக்கான மருந்துத் திட்டங்கள் அத்தனையையும் விளக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். சொல்லி முடித்ததும் அவருக்கு மனசு லேசாக இருந்தது. ஓர் ஏழைக்கு உதவி செய்த திருப்தி. இந்த இனத்தாருக்கு இந்தத் திருப்தி செலவே இல்லாமல் கிடைத்துவிடும்.

லதா கேட்டுக்கொண்டாள். படித்தவர், பெரிய ஆபீசில் இருந்தவர், தன்மேல் அக்கறையோடு இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவர். பொய்யா சொல்லப் போகிறார்?

அதற்குப் பிறகு பட்டாபி அதை மறந்தும் போனார். மாதம் ஒன்று ஓடியது. ஒரு நாள் காலை அவர் பேப்பரில் மூழ்கியிருந்தபோது சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் லதா தரையில் கிடக்கிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயோரம் நுரை. நல்ல வேளையாகச் சுந்தரவல்லி பக்கத்தில் நின்றிருந்தாள். விழும்போதே தோளைப் பிடித்து அடுப்பை விட்டு விலக்கித் தள்ளியிருந்தாள்.

நாட்டிலுள்ள மருத்துவத் திட்டங்கள் அனைத்தும் அறிந்த பட்டாபிக்கு அந்த நிமிஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார்.

"சாவியைக் கொண்டு போய் வையுங்கோன்னா! அந்தப் பாத்திரத்தை நகர்த்துங்கோ. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், பிடிங்கோ" என்றாள் சுந்தரவல்லி.

பட்டாபி பிடித்தார்.

லதாவுக்கு நினைவு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கொட்டிப் போன பருப்பைப் பார்த்து அதற்காக வருத்தப்பட்டாள். சுந்தரவல்லி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"

"ஒண்ணு சாப்பிடறேன் மாஷிமா. இன்னொண்ணு ஆஸ்பத்திரியில இன்னும் வரல. அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வாங்கறாங்க."

"கடையில வாங்கிண்டு இருந்தியே?"

லதா பட்டாபியைப் பார்த்தாள். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் பார்த்தாள். "மேஷோமஷாய்தான் சொன்னாரே, காசு குடுத்து வாங்கறதாலதான் அவங்க தர மாட்டேங்கறாங்கன்னு. நான் நிறுத்திட்டேன். நிறுத்தினா தருவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்."

சுந்தரவல்லி கொட்டிய பருப்பை வழித்தெடுக்க ஆரம்பித்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பட்டாபிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதில் சொல்லியிருப்பார்.

மறுநாளே லதாவை அழைத்துக்கொண்டு பட்டாபி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, முகத்தில் தணிக்கைக்குப் போகிற அதிகாரியின் களை. 'எப்படிக் கேட்கணும்னு பார்த்துக்கோ' என்று லதாவிடம் சொல்லவும் செய்தார்.

இலவச மருந்துக் கவுண்டரின் வரிசை கட்டடத்தைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து வந்து நின்றது. அவர்கள் முறை வந்ததும், உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்தார். ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டார். மற்றொன்றைப் பேனாவால் தொட்டு, "ஸப்ளை நேய்" என்றார்.

"ஏன் இல்லை?"

"வரல. அதனால இல்லை."

"எப்போ வரும்?"

"வந்தா இருக்கும்."

முப்பது வருஷம் அரசாங்கத்தில் பதில் எழுதியே வாழ்ந்தவர் பட்டாபி. இதைவிடப் பிசிறில்லாத பதிலை அவரே எழுதியதில்லை.

அடுத்தது அட்டை உதவி மேஜை. அங்கே ஓர் இளைஞன், மிகவும் மரியாதையானவன், பட்டாபியை 'காக்கு' என்று அங்கிள் முறை வைத்து அழைத்தான். லதாவின் அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "அட்டை நல்லா இருக்கு காக்கு. பேஷண்ட் எந்த வார்டுல படுத்திருக்காங்க?" என்றான்.

"படுக்கலையே. இதோ நிக்கறாளே."

"அப்ப அட்டை செல்லாது. அட்மிட் ஆனவங்களுக்குத்தான் இது."

"அட்மிட் ஆகாம இருக்கத்தானேப்பா மருந்து கேக்கறோம்?"

"புரியுது காக்கு. மருந்து இல்லாம மறுபடி விழுந்து, அடிபட்டு அட்மிட் ஆனாங்கன்னா அட்டையில எல்லாம் பார்த்துக்கலாம். கவலையே படாதீங்க."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தைரியம் சொன்னான்.

பட்டாபி டாக்டரிடம் போனார். கையிருப்பில் உள்ள மருந்தையே எழுதிக் கொடுத்தால் தொல்லை தீர்ந்ததே என்று யோசனை சொன்னார். அந்த லேடி டாக்டருக்கு வெளியே இன்னும் பாதி ஊர் காத்திருந்தது. "அதை மட்டும்தான் முதல்ல குடுத்தோம். வாரா வாரம் விழுந்தாங்க. அதனாலதான் இதைச் சேர்த்தேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தியதற்காக லதாவைத் திட்டினாள். லதா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். யார் சொல்லி நிறுத்தினேன் என்று மூச்சு விடவில்லை. பட்டாபி சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரைக் கவனமாகப் படித்தார்.

கடைசியாக வளாகத்திலேயே இருந்த சலுகை விலைக் கடை. அங்கே மருந்து விலையில் பெரிய தள்ளுபடி உண்டு. மருந்துதான் இல்லை.

இத்தனைக்கும் பிறகு பட்டாபி திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்தக் கடை வாசலில், ஒரு வயதான மனிதர் இவருடைய இஸ்திரிச் சட்டையைப் பார்த்து ஆஸ்பத்திரி அதிகாரி என்று எண்ணிக்கொண்டு தன் சீட்டை நீட்டினார். அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை வெளியில் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். பட்டாபி சீட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "இதை எதுக்கு வெளியில வாங்கணும்? இதெல்லாம் இலவசம்! நேரா கவுண்டருக்குப் போய்..." என்று ஆரம்பித்தவர், லதா தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

அவள் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அந்தக் கிழவருக்காகக் கொஞ்சம் பயம் மட்டும் இருந்தது.

பட்டாபியின் வாக்கியம் பாதியில் நின்றது. அவர் வாழ்க்கையில் அப்படி நின்ற முதல் வாக்கியம் அது. "இல்ல... கிடைக்கற வரைக்கும் வெளியில வாங்கிக்கோங்க. நிறுத்திடாதீங்க. தயவு செஞ்சு நிறுத்திடாதீங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கிழவர் ஏமாற்றத்தோடு நகர்ந்தார். அதிகாரி ஒன்றும் தெரியாதவராக இருக்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆட்டோவில் திரும்பும்போது லதா, "என்னால உங்களுக்கு வீண் அலைச்சல் மேஷோமஷாய்" என்றாள். மன்னிப்பு என்ற சொல் பட்டாபியின் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு. "நான் மேலிடத்துக்கு எழுதறேன் பாரு" என்றார்.

எழுதினார். போனில் புகார் பதிவு செய்தார். அதற்கு முன் டாக்குரியாவில் ஆட்டோவை நிறுத்தி ரமேஷ்பாபுவின் கடையில் ஏறி மாத்திரையை வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அட, லதாவா? கடைப்பக்கம் காணோமேன்னு பார்த்தேன். ஆஸ்பத்திரியிலயே குடுக்கறாங்க போலிருக்குன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார் ரமேஷ்பாபு. பட்டாபி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பற்பசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சுந்தரவல்லி தீர்ப்புச் சொன்னாள்: "கவர்மெண்ட் குடுக்கற அன்னிக்குக் குடுக்கட்டும். அதுவரைக்கும் நம்மாத்துச் செலவோட அதுவும் ஒண்ணு. நீங்கதான் போய் வாங்கிண்டு வரணும்."

"தற்காலிக ஏற்பாடுதான்" என்றார் பட்டாபி.

"என்ன வேணா பேர் வெச்சுக்கோங்கோ."

சில வாரம் கழித்து அவருடைய போன் கிணுகிணுத்தது. படித்தவர் முகம் மலர, "வல்லி, பாத்தியா! நம்ம புகார் தீர்க்கப்பட்டதுன்னு செய்தி வந்திருக்கு!" என்றார்.

"அப்ப மருந்து வந்துடுத்தா?"

"மருந்து வரல. புகார்தான் தீர்ந்துடுத்து."

சுந்தரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். லதாவும் விஷயம் கேட்டுச் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் விழுவதில்லை. மாத்திரை வந்துகொண்டிருக்கிறது, ஒரு வீட்டாரின் தயவில். சம்பாஹாட்டி ரயிலில் அவளோடு நசுங்கி வரும் மற்றவர்களுக்கு அப்படி ஒரு வீடு வாய்த்ததா என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் பவானிபூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு சாப்பாட்டில், துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த தமிழரசன் என்பவர் பேச்சுவாக்கில், "எங்க டிரைவரோட சம்சாரத்துக்கு கிட்னி சார், மருந்துக்கே சம்பளம் போயிடுதுங்கறான்" என்றார். பந்தியில் எல்லாத் தலைகளும் பட்டாபியின் பக்கம் திரும்பின. பட்டாபி வாயைத் திறந்தார். எதிர் வரிசையில் சுந்தரவல்லி அப்பளத்தை உடைத்தாள். பட்டாபி வாயை மூடினார். பிறகு, அவர் இனத்தில் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்:

"என்ன மருந்து? இந்த மாசம் வாங்கிட்டாளா?"

தமிழரசனுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். பட்டாபியால் அதோடு நிறுத்த முடிந்ததா என்றால், இல்லை. ரசம் வந்தபோது, "ஆனா சட்டப்படி பார்த்தேள்னா..." என்று ஆரம்பித்தார். நோய் அப்படி, முழுசாகக் குணமாகாது, கட்டி வைக்கலாம்.

பட்டாபியின் கதை இவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா, நல்லது. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். லதா கவுண்டர் கவுண்டராக அலைந்தபோது உங்களுக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததே: 'அடடா, இவர்களுக்கு விவரம் போதாது, அந்த மலிவு மருந்துக் கடை இருக்கிறதே, அந்த அறக்கட்டளை இருக்கிறதே, எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே...' என்று? முணுமுணுத்தது அல்லவா?

சட்டையை இஸ்திரி போட்டு வையுங்கள். சம்பாஹாட்டி லோக்கலில் வருகிற யாரையாவது அழைத்துக்கொண்டு நாளைக் காலை நீங்களே போய் நிற்கலாம். வரிசை சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.