அக்கா கல்யாணத்தில் அலறிய கேசட்

பார்க்காத படத்துக்கு விமர்சனம் சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதற்கும் ஒரு படி மேல். கேட்காத பாட்டுக்கு ரசிகனாக இருந்தவன்.

சென்னையில் கல்லூரி விடுதித் தோழன் கொடுத்த வெளிநாட்டு கேசட் அது. இரும்பை அடித்து, இயந்திரத்தை உறுமவிட்டு, நடுநடுவே கத்துகிற இசையாம். "கடவுளையும் கவர்மென்டையும் சேர்த்துக் கேள்வி கேக்கறானுங்க" என்றான். அட்டையில் கறுப்புச் சிலுவை. தொடக்கத்தில் கோயில் மணியும் கோரஸும் வரும். அந்த மூன்று நிமிடத்திலேயே நான் தூங்கிவிட்டேன். ஆனால் நூறு தடவை கேட்டதாக ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம். சாலையெங்கும் வெட்டிப் போட்ட புளியமரங்கள். பக்கத்து ஊரில் வயதுப் பையன்களை போலீஸ் வேன் அள்ளிக்கொண்டு போயிருந்தது. (நீ போராட வந்தவனா, பந்திக்கு வந்தவனா என்று லத்தி விசாரிக்காது.) அந்த வாரம்தான் நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம். மணலூர்பேட்டை மாப்பிள்ளை முந்தின நாளே வரப்பு வழியாக நடந்து வந்து சேர்ந்துவிட்டார். ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டுப் போன ரேடியோ செட்டுக்காரரால் திரும்பி வர முடியவில்லை. பொறுப்பு என் தலையில்.

கல்யாண வீட்டில் முதல் பாட்டு சாமி பாட்டாகத்தான் இருக்க வேண்டும். கையில் சிலுவை போட்ட, கோயில் மணி ஒலிக்கிற கேசட் இருக்க, வேறென்ன யோசனை? காலையில் அதைப் போட்டேன். மணி ஒலித்ததும் அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கப் பம்புசெட் வரை நடந்தேன். மாப்பிள்ளை அங்கே குளித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஊருக்குள்ளிருந்து சைரன். தடதடவென்று பூட்ஸ் சத்தம். யாரோ கட்டளையிடும் குரல்.

"போலீஸ் வந்துட்டான், ஓடுங்க!" என்று கத்தியவன் சாட்சாத் நான்தான்.

ஈரத் துண்டோடு மாப்பிள்ளையும் நானும் கரும்புக்குள் பாய்ந்தோம். மாப்பிள்ளையைப் பிடித்துப் போனால் அக்கா கதி என்ன? ஜெபம்கூடப் பாதியில் மறந்துபோனது. பூட்ஸ் சத்தம் நிற்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"இன்னா மச்சான், வேன் ஒரே எடத்துல நின்னுகினு கத்துது?" என்றார் மாப்பிள்ளை.

அப்போது சைரனுக்கு மேலே, மைக்கில், அப்பாவின் குரல்:

"டேய் அந்தோணி! எங்கடா போய்த் தொலைஞ்ச? இந்தக் கருமத்த எந்த பட்டன்ல நிறுத்தறது?"

மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் திரும்பினார். போலீஸே தேவலை என்று இருந்தது.

"நூறு வாட்டி கேட்டன்னு நேத்து சொன்ன?"

"மூணு நிமிஷம்தாங்க கேட்டேன்."

"ஒங்க அக்காவாவது நெசம் பேசுமா?"

கரும்பின் சோகை இலை கிழித்த கன்னத்தோடு மாப்பிள்ளை மாமா மாதா கோயிலுக்கு வந்தார். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அந்தக் கீறல்கள் பளிச்சென்று இருக்கின்றன. இன்றும் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஆம்புலன்ஸ் போனால் என் தோளில் கை போடுவார். "மச்சான், ஒன் பாட்டு வருது."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் கை போடுவது என்னைக் கிண்டல் செய்வதற்கு மட்டுமில்லை. நான் ஓடிவிடாமல் இருக்கவும்தான்.