பரிவட்டத்துக்கு ஒரு தலை

"உங்க மொதலாளி பேரு இன்னா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் கொன்றைமேட்டு அம்மன் கோயில் வாசலில் ஊர்க் கமிட்டி மொத்தமும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, தங்கவேல் தலையைச் சொறிந்தான்.

பதினான்கு வருஷமாகப் பவளமல்லி இண்டஸ்ட்ரீஸ் லிமிடெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பற்பசை, சோப்பு, கொசுவத்தி என்று அந்த ஃபேக்டரியிலிருந்து லாரி ஏறுகிற சரக்கில் பாதி அவன் தூக்கி வைத்தது. அந்தக் கம்பெனி யாருடையது என்று மட்டும் இதுவரை யோசித்ததில்லை. மாசமானால் சம்பளம் வந்தது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தது. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றான்.

"கம்பெனிக்காரரு சீக்கிரம் கேட்டுச் சொல்லட்டும். நோட்டீசு அச்சுக்குப் போவணும்" என்றார் கீழத்தெரு சுப்பராயலு, கோபுரத்தைப் பார்த்து. கம்பெனிக்காரர் என்று அவர் சொன்னது தம் சொந்த மாப்பிள்ளையை.

அதற்கு ஒரு கதை உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெப்பத் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று தகராறு வந்தது. கீழத்தெருவுக்குச் சுப்பராயலு, மேலத்தெருவுக்குத் தங்கவேலின் பெரியப்பா கோதண்டபாணி. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் பரிவட்டப் பட்டு இரண்டாகக் கிழிந்தது. பாதி கீழத்தெரு பீரோவில், பாதி மேலத்தெரு பீரோவில் இன்றைக்கும் இருக்கிறது. தெப்பம் நின்றது, குளம் தூர்ந்தது. அப்போது தங்கவேலுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். மனைவி கல்பனா தலை தீபாவளிக்குக்கூடத் தாய்வீடு போகவில்லை. இருநூறடி தூரத்தில் இருக்கிற அம்மா அம்சவள்ளியை மடுகரை பஸ் ஸ்டாப்பில்தான் பார்த்துப் பேசுவாள், அதுவும் பஸ் வருகிற வரைக்கும்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் ஊருக்குள் ஜேசிபி வந்தது. யாரும் மனுக் கொடுக்கவில்லை, யாரும் யாரையும் போய்க் கேட்கவில்லை. பத்து நாளில் குளத்தைத் தூர்வாரி, கரையில் பவளமல்லி கம்பெனியின் பெயர்ப்பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டது. ஐப்பசி மழைக்குக் குளம் படிக்கட்டு வரை நிரம்பியது. குளம் வெட்டிக் கொடுத்தவருக்கே முதல் மரியாதை என்பது ஊர் வழக்கம். வெளியூர் முதலாளி தலையில் பரிவட்டம் ஏறினால் கீழத்தெருவும் தோற்காது, மேலத்தெருவும் தோற்காது. இரண்டு தெருவும் பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து இதற்கு ஒத்துக்கொண்டன. வேண்டியது ஒரு தலை மட்டுமே.

"எங்கம்மா கையால ஒரு வாய் காப்பி குடிக்கணுங்க. எப்பிடியாச்சும் உங்க மொதலாளிய இஸ்துக்கினு வந்துடுங்க" என்றாள் கல்பனா.

மறுநாள் கேன்டீனில் தங்கவேல் விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. கரியமாணிக்கத்திலிருந்து பேக்கிங்குக்கு வரும் ரோஸ்லின் மட்டும் பிடித்துக்கொண்டாள். "மொதலாளியப் பாத்தா எங்க ஊரு கொளத்தையும் கேளுண்ணே. போன வருசமே டேப்பு புடிச்சி அளந்துக்கினு போனாங்க. இன்னும் ஒரு கூடை மண்ணு எடுக்கல."

"கேக்கறேன், கேக்கறேன்" என்று நகர்ந்தான். அவன் கவலை அவனுக்கு.

ஃபேக்டரியில் எல்லோரும் எழுந்து நிற்பது பிளான்ட் மேனேஜருக்குத்தான். ஆகவே அவர் பெயரைக் கமிட்டியில் கொடுத்துவிட்டான். தவளக்குப்பத்தில் சூசைநாதன் அச்சகத்தில் ஆயிரம் நோட்டீஸ் அடித்தாயிற்று. 'முதல் மரியாதை ஏற்பவர்: பவளமல்லி கம்பெனி உரிமையாளர்' என்று போட்டு, அதன் கீழே மேனேஜர் பெயர். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டான்.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ் தங்கவேல், கம்பெனிய எப்ப என் பேருக்கு மாத்திக்கிட்டேன்னு மும்பை ஹெட் ஆபீஸ்லேர்ந்து விளக்கம் கேக்கறாங்கய்யா! நானும் உன்ன மாதிரி சம்பளக்காரன்தான்யா!"

ஹெச்.ஆர். பிரியதர்ஷினி மேடம் நல்ல பெண். "எம்.டி. பேரைப் போடுங்கண்ணா. எனக்குத் தெரிஞ்சு அவருதான் பெரியவர்" என்றாள். சூசைநாதன் ஆயிரம் ஸ்டிக்கர் அடித்து மேனேஜர் பெயர்மேல் ஒட்டினார்.

எம்.டி. ஆபீசிலிருந்து நாலு பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது. கம்பெனி அதிகாரிகள் வெளியாரிடம் அன்பளிப்பு வாங்குவதானால் நிரப்ப வேண்டியதாம். பரிவட்டத்தின் சந்தை மதிப்பு என்ன? விழா முடிந்ததும் திருப்பித் தரப்படுமா? அதைக் கட்டுபவருக்கும் கம்பெனிக்கும் வியாபாரத் தொடர்பு உண்டா?

கடைசிக் கேள்வியைத் தங்கவேல் குருக்களிடமே கேட்டான். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "மாசம் ரெண்டு டப்பா கொசுவத்தி வாங்கறேன். அது சேருமா?" என்றார்.

சேர்ந்தது. எம்.டி.யால் வர இயலாது என்று பதில் வந்தது. அவரும் அஞ்சு வருஷ ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளக்காரர்தானாம். போர்டு நினைத்தால் அவரையே வீட்டுக்கு அனுப்பலாமாம். சரி, போர்டுக்குத் தலைவர் இருப்பாரே என்று சேர்மன் பெயரில் அடுத்த ஸ்டிக்கர் ஏறியது.

"இன்னாபா இது, நோட்டீசு கனம் ஏறிக்கினே போவுது. இன்னும் ஒண்ணு ஒட்டுனா காலண்டர் அட்ட ஆயிடும்" என்றார் சூசைநாதன்.

பிரியதர்ஷினிக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது. கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். தங்கவேல் எட்டிப் பார்த்தான்.

"சேர்மன் ரிட்டையர்டு ஆபீசர்ணா. அவர்கிட்ட ஒரு ஷேர்கூட இல்ல."

"ஒண்ணுகூடவா? அப்புறம் இன்னா தைரியத்துல மேடம் தலைவரா குந்திக்கினு இருக்காரு?"

"அது அப்படித்தான்ணா. நூத்துக்கு அம்பத்தொண்ணு பவளமல்லி ஹோல்டிங்ஸ்னு இன்னொரு கம்பெனிகிட்ட இருக்கு."

"அப்ப அவங்கதான் ஓனரு! அங்க எத்தினி பேரு வேல செய்றாங்க?"

"யாரும் இல்ல. மும்பையில ஒரு ரூம், வாசல்ல ஒரு போர்டு. அவ்வளவுதான்."

"அந்த ரூம் யாருது?"

"சிங்கப்பூர்ல ஒரு கம்பெனியோடது. அதுல பெரிய பங்கு..." பிரியதர்ஷினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "கனடா நாட்டு வாத்தியாருங்க பென்ஷன் ஃபண்டு. நம்ம கம்பெனில மிச்ச நாப்பத்தொம்பது மியூச்சுவல் ஃபண்டு, இன்ஷூரன்சு, ரெண்டு லட்சம் சில்லறை ஆளுங்க."

தங்கவேலுக்குத் தலை சுற்றினாலும் பாதியில் விட மனசில்லை. பதினான்கு வருஷமாகத் தூக்கிய பெட்டிக்குள் இத்தனை பெட்டி இருந்திருக்கிறதே!

"அப்ப குளத்தத் தூர்வாரச் சொன்னது யாரு மேடம்?"

"வருஷத்துக்கு ஒரு குளம்னு ஹெட் ஆபீஸ்ல பட்ஜெட் போடுவாங்க. ஒரு கமிட்டி ஊரைத் தேர்ந்தெடுக்கும், கான்ட்ராக்டர் முடிச்சுட்டு போட்டோ அனுப்புவார். போட்டோ வந்தாச்சு, ஃபைல் மூடியாச்சு. சட்டப்படி பாத்தா கம்பெனியே தனியா ஒரு ஆள் மாதிரிண்ணா. சொந்தப் பேர்ல நிலம் வாங்கலாம், கேஸ் போடலாம்."

"தல இருக்கா மேடம்?"

"இல்லண்ணா."

அன்று சாயங்காலம் கமிட்டியில் உண்மையைச் சொன்னான்.

"கனடா வாத்தியாருங்களா? எத்தினி பேரு?" என்றார் சுப்பராயலு.

"மூணு லட்சம் இருக்கும்."

"டேய் தங்கவேலு, அத்தினி பேருக்கும் இல போட முடியுமாடா?" என்று கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓனரே இல்லாத கம்பெனி! இதுக்கு எதுக்கு வெளியாளு? பழையபடி மேலத்தெருவே எடுத்துக்கும்."

"பழையபடி கீழத்தெருன்னு சொல்லு" என்றார் சுப்பராயலு.

ஜமக்காளத்தின் நடுவில் பன்னிரண்டு வருஷத்துப் பழைய கோடு மறுபடி விழுவதைத் தங்கவேல் கண்ணால் பார்த்தான். கோயில் கதவருகே கல்பனா நின்றிருந்தாள். பதறிப்போய் வாயை விட்டான்.

"இருங்க, இருங்க! மேடம் இன்னொண்ணு சொன்னாங்க. ஒரே ஒரு ஷேர் வெச்சிருந்தாலும் அவங்களும் ஓனருதான். அந்த மாதிரி வெளியூர் ஆளு ஒருத்தரத் தேடிப் புடிக்கிறேன்."

இரண்டு கிழவர்களும் சட்டென்று அமைதியானார்கள். அந்த அமைதியின் அர்த்தம் தங்கவேலுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

பவளமல்லி ஷேர் ஒன்று, ஒரு நாட்டுக்கோழி விலைதான். செல்போனிலேயே வாங்கலாம். சுப்பராயலு வாங்கினார். கோதண்டபாணி இரண்டு வாங்கினார். சுப்பராயலு மூன்றாக ஏற்றினார். அப்புறம் பெரியவர்களுக்குத் துணையாகத் தெருவும் இறங்கியது. வாரக் கடைசியில் கீழத்தெருவில் முப்பத்தொரு முதலாளி, மேலத்தெருவில் முப்பத்துநாலு.

முதலாளியே இல்லாமல் தவித்தவனுக்கு இப்போது தெருவில் நடக்க முடியவில்லை.

"பகல்ல ஃபேக்டரி கேட்டுல லைட்டு எரியுதாமே, எவன் கரண்டு காசு கட்றது?" என்று பால் கறந்துகொண்டே ஒருவர் கேட்டார். "இந்த மாசம் சோப்பு வாசன சரியில்ல, சொல்லி வையி" என்றாள் ஒரு முதலாளியம்மா. கோதண்டபாணி ஒரு படி மேலே போய், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்கே போய்விட்டார். "நம்ம கம்பெனியச் சுத்திப் பாக்கணும்" என்றாராம். பாஸ் கேட்டதற்கு, வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்திவிட்டுத் திரும்பினார். வாட்ச்மேன் மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தான்.

தெப்பத்தன்று நாலு மணிக்கே குளக்கரை நிறைந்துவிட்டது. டிரம் கட்டிய தெப்பத்தைத் தண்ணீரில் இறக்கத் தவளக்குப்பத்திலிருந்து ராமுவின் ஜேசிபியைத் தங்கவேல் வரவழைத்திருந்தான். சித்திரையில் இந்தக் குளத்தைத் தூர்வாரியவனும் ராமுதான். எந்த நேரமும் கலகலவென்று இருப்பவன். அன்றைக்கு மட்டும் கரையில் இருந்த கம்பெனிப் பெயர்ப்பலகைப் பக்கமே திரும்பாமல் வேலையை முடித்துவிட்டு, இறங்கி ஓரமாக நின்றான்.

அம்மன் தெப்பத்தில் ஏறியாயிற்று. "நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம். யார் தலை?" என்றார் குருக்கள்.

சுப்பராயலு செல்போனை நீட்டினார். "நான் ஓனரு. பத்து ஷேர்."

"எங்கிட்ட பன்னெண்டு" என்றார் கோதண்டபாணி.

சொல்லிவைத்தாற்போல இரண்டு பேரும் மடியிலிருந்து ஆளுக்கொரு பட்டுத்துண்டை எடுத்தார்கள். பழைய பரிவட்டத்தின் இரண்டு பாதிகள். பின்னால் மற்ற முதலாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

தங்கவேல் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் இந்தப் பக்கம் கல்பனா, அந்தப் பக்கம் அம்சவள்ளி. நடுவில் ஆறு அடிகூட இருக்காது. இரண்டு பேருமே பஸ் கிளம்பப் போகிறது என்கிற முகத்தோடு நின்றார்கள். அவனுக்கு அழுகை வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஓடிப்போய் ராமுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஓனரு யாரா வேணா இருக்கட்டும்! இந்தக் கொளத்துல எறங்கி மண்ண அள்ளுனது இவன். இவனுக்குக் கட்டுங்க சாமி!"

"ஐயோ, எனக்கு வேணாண்ணே! எனக்கு மட்டும் வேணவே வேணாம்!" என்று ராமு பின்வாங்கினான். வேர்த்துக் கொட்டியது.

சுப்பராயலு அவனை மேலும் கீழும் பார்த்தார். "கீழத்தெருவுல ஒனக்கு யார்னா சொந்தமா?"

"இல்லீங்க."

"மேலத்தெருவுல?" என்றார் கோதண்டபாணி.

"அய்யய்யோ, இல்லீங்க."

"பவளமல்லி ஷேரு எதுனா வெச்சிருக்கியா?"

"அப்டின்னா இன்னாங்க?"

இரண்டு பெரியவர்களும் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஓனராக இல்லாத ஒரு தலை! குருக்கள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. இரண்டு பட்டுத்துண்டையும் வாங்கி, முடிச்சுப் போட்டு, திமிறிக்கொண்டிருந்த ராமுவின் தலையில் கட்டிவிட்டார். மேளம் கிளம்பியது. தெப்பம் அசைந்தது.

தெப்பம் மூன்றாவது சுற்று வரும்போது சுப்பராயலு தங்கவேலின் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை கோபுரத்தைப் பார்க்கவில்லை.

"மாப்ள, வூட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போவணும்."

அதற்குள் கல்பனா போயே போய்விட்டாள். அம்மாவும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு கீழத்தெருவுக்குள் நுழைவதைப் பார்த்து, தங்கவேல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நன்மைக்கும் காரணமான அந்தக் கம்பெனிக்கு, அதன் மேனேஜருக்கு, எம்.டி.க்கு, மும்பை ரூமுக்கு, கனடா வாத்தியார்கள் மூன்று லட்சம் பேருக்கும் மனசுக்குள் நன்றி சொன்னான். நாளைக்கு வேலைக்குப் போனதும் முதல் வேலையாக விழாப் போட்டோவைப் பிரியதர்ஷினி மேடத்திடம் கொடுத்து மும்பைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

யாரோ தோளைச் சுரண்டினார்கள். ராமு. தலையில் பரிவட்டம், கண்ணில் கலக்கம்.

"அண்ணே, ஒன் கால்ல வேணா வுழறேன், போட்டோ மட்டும் கம்பெனிக்கு அனுப்பிடாத. அவங்க தூர்வாரச் சொன்னது கரியமாணிக்கத்துக் கொளம். நான்தான் கூட்டு ரோட்டுல தப்பாத் திரும்பி வந்து இத வாரிட்டேன்."