குளம் ஒண்ணு, மரம் மூணு, ஆக மொத்தம் தரிசு

ஒரு காட்டில்...

இருங்க, இருங்க. "ஒரு காட்டில்"னு வாயைத் திறந்ததுமே ஆளாளுக்கு ஒரு முகம் வெச்சுக்கிட்டீங்க. புத்திசாலி முயல் வரும், முரட்டுச் சிங்கம் ஏமாறும், கடைசியில நல்லவங்க ஜெயிப்பாங்க, நாமளும் வேட்டியை உதறிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னு. முயலுக்கு இன்னைக்கு லீவு. ஜெயிக்கிற நல்லவங்க நீண்ட லீவுல இருக்காங்க, எப்ப வருவாங்கன்னு ஆபீசுலயே தெரியாது. நம்ம கையில இருக்கிறது ஒரு கீரி, ஒரு கரடி, ஒரு தவளை. சிங்கம் உண்டு. ராஜா இல்லாம காடு நடக்குமா? இருந்தும் நடக்கலைங்கறது வேற விஷயம்.

அந்த ராஜா ஒருநாள் திட்டம் போட்டாரு. காட்டுல தரிசாக் கிடக்கிற இடத்தையெல்லாம் தொழில் பண்றவங்களுக்குக் குடுத்துரணும். தரிசு எதுன்னு எப்படித் தெரியும்? மேப் போடு!

கழுகு மேல பறந்து படம் எடுத்துச்சு. மேப் செக்ஷன்ல மொத்தமே ஒரு ஆளு, கீரி சந்தனராசு. அந்தப் படத்தைப் பொடிப்பொடிக் கட்டமாப் பிரிச்சு, கட்டத்துக்கு ஒரு நம்பர் போட்டுச்சு. தண்ணின்னா ஒண்ணு. தரிசுன்னா ரெண்டு. மரம்னா மூணு. நல்ல வேலை, பொய் சொல்லக்கூடாது. ஒரு குட்டை விடலை, ஒரு புதர் விடலை.

வில்லங்கம் என்னன்னா, படம் நூத்தியெம்பது எம்பி. அரண்மனை வெப்சைட்டு ரெண்டு எம்பிக்கு மேல வாய்க்குள்ளயே வாங்காது.

தாசில்தார் கரடி வந்து நின்னாரு. அவர் பேசினா தொண்டைக்குள்ள ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்.

"ம்ர்ர்ர்... சின்னதாக்குய்யா."

கீரி கறுப்புத் திரையைத் திறந்துச்சு. அதுல பட்டன் கிடையாது, பொம்மை கிடையாது. என்ன வேணுமோ கட்டளையா டைப் அடிக்கணும். நீளம் பத்து பர்சென்ட், அகலம் பத்து பர்சென்ட்னு அடிச்சு என்டர் தட்டுச்சு. நூறு கட்டம் சேர்ந்து ஒரு கட்டம் ஆயிரும். நூறுல நடுவுல நிக்கிறவன் நம்பர்தான் எல்லாருக்கும். ஒண்ணே முக்கால் எம்பி. முடிஞ்சுது.

கரடி திரையில மூக்கை ஒட்டிக்கிட்டுப் பாத்தாரு. "என்னய்யா, கோரைப்பாய் மாதிரி கட்டம் கட்டமா இருக்கு? ராஜா பாக்கப் போறாருய்யா. வழவழன்னு வேணும்."

"வழவழன்னு வேணும்னா ஆவரேஜ் போடணும் சார். நூறு நம்பரையும் கூட்டி, நூறால வகுத்து, வர்றதை வெச்சுக்கும். ஆனா இது போட்டோ இல்ல சார், வெறும் அடையாள நம்பரு. இதைப் போய்க் கூட்டினா..."

"ராஜாகிட்ட போய் 'ஆனா'ன்னு சொல்லுவியா?"

"மாட்டேன் சார்."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன்யா சொல்றே?"

கீரி கட்டளையோட வால்ல ஆவரேஜ்னு சேத்து அடிச்சுச்சு. வந்துச்சு பாருங்க ஒரு மேப்பு, பட்டுப்புடவையை விரிச்ச மாதிரி. கரடிக்குக் கண்ணே கலங்கிருச்சு. "பழைய பெரிய படத்தை அழிச்சிரு. கம்ப்யூட்டர்ல இடம் இல்லேன்னு தினம் கத்துது" அப்படின்னாரு. கீரி அதையும் அழிச்சுச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. பாதி தண்ணி, பாதி மரம். ஒண்ணும் மூணும் நாலு, ரெண்டால வகுத்தா ரெண்டு. ரெண்டுன்னா? தரிசு! தண்ணி மேல தப்பில்ல, மரத்து மேல தப்பில்ல. பக்கத்துல பக்கத்துல இருந்ததுதான் தப்பு. தண்ணிக்கரையில மரம் நின்ன இடம் பூரா ஒரே என்டர்ல தரிசாப் போச்சு.

ராஜா மேப்பைப் பாத்தாரு. "அழகு!" சீல் வெச்சாரு. தரிசு மொத்தத்தையும் ஓநாய் முதலாளி ரிசார்ட் கட்ட எழுதி வாங்கிட்டாரு. வெள்ளிக்கிழமை மண்ணடிச்சு மூடறதா ஏற்பாடு.

புதன்கிழமை தாலுக்கா ஆபீசுக்கு ஒரு தவளை தத்தித் தத்தி வந்துச்சு. பேரு பச்சையம்மா. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு.

"ஐயா, சுத்தி மரம் நிக்குதே, நான் குடியிருக்கிற அந்தச் சின்னக் குளத்தைத் தரிசுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

"தரிசுதாம்மா. மேப் சொல்லுது."

"ஐயா, அதுல எம் புள்ளைங்க எண்ணூறு இருக்குதுங்க. இன்னும் வாலுதான், கால் முளைக்கலை. பத்துநாள் விட்டீங்கன்னா முளைச்சிரும், எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருவேன். வெள்ளிக்கிழமை மண்ணடிச்சா அதுக எங்கய்யா போகும்?"

"குளம் இருக்குன்னு ஆதாரம் இருக்கா?"

"நான் நனைஞ்சிருக்கேனேய்யா!"

"இந்தாம்மா, நனையறதெல்லாம் ஆதாரமா? நீ வீட்டுல குளிச்சிட்டு வந்திருக்கலாம்."

இருந்தாலும் கரடி நியாயஸ்தர். நேர்ல போய்ப் பாத்துடுவோம்னு கிளம்பினாரு. குளத்துல இறங்கினாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. தலைப்பிரட்டைங்க சுத்திச் சுத்தி வந்து தொடையில கிச்சுக்கிச்சு மூட்டுதுங்க. கரடி சிரிப்பை அடக்கிக்கிட்டு, கையை மேல தூக்கி, ரிப்போர்ட்டு நனையாம எழுதினாரு: "கள ஆய்வு செய்யப்பட்டது. நிலம் தரிசு. சற்றே ஈரப்பதம் உள்ளது."

"ஐயா, நீச்சலடிச்சுக்கிட்டே தரிசுன்னு எழுதறீங்களே!"

"ராஜா சீல் வெச்ச மேப்பும்மா. நான் தண்ணின்னு எழுதினா, மேப் தப்பு. மேப் தப்புன்னா சீல் தப்பு. சீல் தப்புன்னா... எனக்கும் புள்ளைகுட்டி இருக்கும்மா."

பச்சையம்மா கீரியைப் போய்ப் பிடிச்சுச்சு. "தம்பி, நீதானே சின்னதாக்கினே? திரும்பப் பெருசாக்கிரு."

"ஆக்கலாம்க்கா. இதே கட்டளைதான், பத்துக்குப் பதிலா ஆயிரம்னு அடிச்சாப் போதும். தரிசு பெரிய சைஸுல வரும். உங்க குளம் வராது. ஒருக்கா ஆவரேஜ் பண்ணிட்டா யாரு எவருன்னு பிரிக்க முடியாது. பழைய படத்தை நானே அழிச்சுட்டேன்."

"அப்ப தப்பு உன்மேலேன்னு ராஜாகிட்ட வந்து சொல்லு."

"வேலை போயிரும்க்கா."

"எனக்கு எண்ணூறு போகுதுடா!"

கீரி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ஆனா வரலை.

வியாழக்கிழமை தர்பார். பச்சையம்மா தனியாத்தான் போச்சு. ஒரு பக்கம் கரடி ரிப்போர்ட்டோட, இன்னொரு பக்கம் ஓநாய் சீல் வெச்ச ஆர்டரோட. பின்னாடி செவுத்துல அந்த மேப்பைப் பெருசாக்கி மாட்டியிருந்தாங்க. அதுக்குக் கீழ ஒரு ஓணான். சாதிச் சர்ட்டிபிகேட் வாங்க வந்து மூணு நாளா வரிசையில நிக்குது. பாக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லாததால அந்த மேப்பையே பாத்துக்கிட்டு நிக்குது.

பச்சையம்மா எல்லாத்தையும் சொல்லுச்சு. சொல்லி முடிக்கும்போது தரையில சின்னதா ஒரு குட்டை தேங்கியிருந்துச்சு. ராஜா அதைக் காலால தாண்டி வந்து நின்னாரு.

"ஏம்மா, உன் கண்ணு சொல்றதை நம்பறதா, கழுகு கண்ணு சொல்றதை நம்பறதா? என் சீல் விழுந்த மேப் தப்பாகாது. அதுல தரிசுன்னு இருக்கிற இடத்துல யார் குடியிருந்தாலும் சரி, பெரியவன் சின்னவன் பேதமில்ல, நாளைக்குக் காலையில காலி பண்ணிரணும். மீதியை ஓநாய் பாத்துக்குவாரு. இது என் உத்தரவு."

எல்லாரும் கை தட்டினாங்க. கரடிதான் முதல்ல தட்டினாரு. ஓநாய் பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டாரு.

கைதட்டல் ஓஞ்சதும் வரிசையிலிருந்து ஓணான் கழுத்தை நீட்டுச்சு.

"ராஜா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு நாளா இந்த மேப்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க அரண்மனையைச் சுத்தி அகழித் தண்ணி, அதுக்கு அந்தாண்ட தோப்பு. இதுல அரண்மனையோட சேத்து அந்த இடம் பூராவும் தரிசுன்னுதான் போட்டிருக்கு. நீங்க காலையில எத்தனை மணிக்குக் காலி பண்றீங்க?"

நீதி: ஏழை வீடு தப்பிக்கணும்னா, அதே தப்புல ராஜா வீடும் சேர்ந்து அழியணும்.