உங்கள் அக்கா பீலி வாங்கிய விதம்

அன்பும் தலைக்குமேல் கூரையும் என்றும் குறையாத மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் நலம், முக்கியமாக, உலர்ந்திருக்கிறோம். அவ்விடம் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அவ்வண்ணமே உலர்ந்திருக்க ஆவல்.

உங்கள் வீட்டுக் கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கி மூலைக்குக் கொண்டுபோய் இறக்குகிற பீலி இற்றுப்போய்விட்டது, புதிதாக எதைப் போடலாம், என்ன செலவாகும், இந்த விஷயத்தில் அத்தான் அனுபவஸ்தர் ஆயிற்றே என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அனுபவஸ்தர் பட்டம் உங்கள் அக்காவுக்கு உரியது. நான் அனுபவித்தவன், அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். அக்கா தையல் மெஷின் போட்டிருக்கிற பக்கத்து அறை உங்களுக்குத் தெரியும். அதற்கு நேர்மேலே பீலியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, தண்ணீர் குழாய்க்குப் போகாமல் சுவர் வழியாக இறங்கி, சுவரும் எத்தனை நாள்தான் பொறுக்கும், ஒருநாள் உள்ளே வந்துவிட்டது. வந்தது வெறுங்கையோடு வரவில்லை, செங்கல் நிறத்தில் ஒரு கறையைக் கொண்டுவந்து, ஆணியில் தொங்கிய ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடையில் உள்ளங்கை அகலத்துக்கு வைத்துவிட்டுப் போயிற்று. கல்யாணம் அந்த வாரக் கடைசியில். உங்கள் அக்கா அழவில்லை, கத்தவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பாகத்தை அப்படியே பிரித்தெடுத்து, அதே துணி தேடி ஊரெல்லாம் அலைந்து, மறுபடி வைத்துத் தைத்து, அந்தப் பெண்ணுக்கே தெரியாதபடி கொடுத்து அனுப்பினாள். அது முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு சொட்டு இந்த அறைக்குள்ள விழுந்துச்சுன்னா, நான் மெஷினை மூடிடுவேன். அடுத்தவங்க நல்ல நாளை என் சுவத்தை நம்பி விட முடியாது."

மாப்பிள்ளை, விளையாட்டுக்குப் பேசுகிற ஆளா அவள்? நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் ஓடுகிற ஒரே எந்திரம் அந்த மெஷின்தான். "நானே ஏறி அளவெடுக்கறேன்"னு வீரமா ஏணியைச் சாத்தி மேல போனேன். பீலிக்குள்ள எட்டிப் பார்த்தா, ஒரு இறகுப்பந்து, ஒரு கரண்டி, முழங்கை உயரத்துக்கு ஒரு மரக்கன்னு. நம்ம வீட்டுக் கரண்டி கூரைக்கு எப்படிப் போச்சுன்னு யோசிச்சுக்கிட்டே காலை மாத்தி வெச்சேன், ஏணி சறுக்கிக்கிட்டு கீழ போயிடுச்சு, நான் கூரையிலேயே மாட்டிக்கிட்டேன். அக்கா துணி வாங்கப் போயிருந்தா. அதுக்குள்ள தைக்கக் கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தரா வந்து, "அண்ணே, மேல என்ன பண்றீங்க?"ன்னு கேக்க, "சும்மா காத்தாட வந்தேன்"னு நான் சொல்ல, ஒருத்தி ரவிக்கையை மேல தூக்கிக் காட்டி "கை இறுக்கமா இருக்குன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க"ன்னு தாக்கல் சொல்லிட்டுப் போறா. ஏணியை எடுத்து வைக்கணும்னு ஒருத்திக்கும் தோணலை, எனக்கும் கேக்க வாய் வரலை. அக்கா வந்து பார்த்தா. ஏணியை நிமிர்த்தி வெச்சு, நான் இறங்கினதும், தையல் டேப்பை எடுத்து வாசல் நடையையும் சுவரையும் தரையிலேர்ந்தே அளந்து முடிச்சுட்டா. கூரை நீளமும் சுவர் நீளமும் ஏறக்குறைய ஒண்ணுதானாம். எனக்குத் தோணலையே!

அடுத்து ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. முதல்ல பிளாஸ்டிக் விக்கறவர். விலை மலிவு, துரு பிடிக்காது, நாமளே மாட்டிக்கலாம்னார். இரண்டாவது செம்புக்காரர். மனுஷன் கொண்டுவந்த துண்டு வெயில்ல மின்னினதும் நான் மயங்கிட்டேன். விலையைக் கேட்டதும் தெளிஞ்சேன். நகைக்கடையில வாங்கி கூரையில மாட்டற மாதிரி. "நூறு வருஷம் உழைக்கும்மா"ன்னார். உங்க அக்கா நிதானமா கேட்டா, "நூத்தியோராவது வருஷம் ஒழுகினா யார்கிட்ட வந்து கேக்கறது?" அவர் துண்டைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டார். மூணாவதா அலுமினியம் போடற சிரிப்பு மேஸ்திரி. நல்ல சேதி கெட்ட சேதி எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே சொல்றதால அந்தப் பேரு.

செம்புக்காரரைத் தவிர எல்லார்கிட்டயும் ரெண்டு துண்டு வாங்கி வெச்சுக்கிட்டா. பழைய மாதிரி துத்தநாகம் பூசின தகரமும் ரெண்டு கடையில வாங்கினா. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா ஒட்டவெச்சு, துணி காயப்போடற கம்பியில கட்டித் தொங்கவிட்டு, என்னை முக்காலி மேல ஏத்தி வாளியில தண்ணி ஊத்தச் சொன்னா. பிளாஸ்டிக் துண்டு வெயில்ல கிடந்து அசடு வழியற மாதிரி வளைஞ்சுது. தகரத்துல வெட்டின ஓரம் வாரம் முடியறதுக்குள்ள பழுப்பாச்சு. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல்லேர்ந்து, "ஏங்க, தினமும் எதைக் குளிப்பாட்டறீங்க?"ன்னு கேட்டார். மானம் போச்சு, ஆனா அக்கா பார்த்தது வேற ஒண்ணு. ரெண்டு துண்டை ஒட்டவெச்ச இடத்துலதான் முதல்ல கசிஞ்சுது, எந்தச் சாமானா இருந்தாலும்.

"துணியோ தகரமோ, இணைச்ச இடம்தான் முதல்ல விடும். ஒரே நீளமா வர்றது எது?"ன்னா.

மேஸ்திரியோட வண்டியில ஒரு மெஷின் இருக்கு, அலுமினியச் சுருளை உள்ள விட்டா வீட்டு நீளத்துக்கு இணைப்பில்லாம ஒரே பீலியா வெளிய வரும். அதுதான் வேணும்னுட்டா. செலவைப் பத்திக் கேட்டீங்களே, பிளாஸ்டிக்கை விட நல்லாவே கூட, செம்புக்குப் பக்கத்துலயே வராது. அதுலயும் இறங்குகுழாய் ரெண்டுக்கும் காசு கொடுக்கலை, மேஸ்திரி ஆளுங்களுக்கு வேலை உடுப்பு தைச்சுத் தர்றதாப் பேசிட்டா. ஒரு குழாய் போதும், பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிட்டா செலவு மிச்சம்னு மேஸ்திரி சிரிச்சார். "நம்ம கூரைத் தண்ணிக்கு அவங்க ஏன் வாளி எடுக்கணும்?"னு ஒரே கேள்வி. ரெண்டு குழாய் வந்துது.

மாட்டி முடிச்ச அன்னிக்கு எனக்குக் கண்ணு கூசிச்சு, அவ்வளவு அழகு. மேஸ்திரி ஏணியை மடக்கறார். அக்கா, "இருங்க"ன்னு ஒரு குவளைத் தண்ணியை என்கிட்ட கொடுத்து, நம்ம ஏணியில ஏறி பீலி நடுவுல ஊத்தச் சொன்னா. ஊத்தினேன். தண்ணி குழாய்ப் பக்கமும் போகலை, இந்தப் பக்கமும் வரலை, யோசிச்சுக்கிட்டே நின்னுது.

"ஒரு மழை பெஞ்சா சரியாயிடும்மா."

"மழைக்கு வழி காட்டத்தானே இதைப் போட்டோம்? மழையே வந்து வழி கண்டுபிடிக்கட்டும்னா பழசே போதுமே."

மேஸ்திரி முதல் தடவையா சிரிக்காம அவளைப் பார்த்தார். ஏணியை மறுபடி விரிச்சார். கொக்கியையெல்லாம் கழட்டி, ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்கு நூல் பிடிச்சு, பொழுது சாயற வரைக்கும் நின்னு சரிவு கொடுத்தார். நூல் அக்காவோடது. மறு முனையைப் பிடிச்சதும் அவதான்.

மழை போன வாரம் பட்டப்பகலில் வந்தது. சும்மா இல்லை, வானம் பிய்த்துக்கொண்டு. நான் வாசலில் போய் நின்றேன். தண்ணீர் பீலியோடு ஓடி, குழாயில் இறங்கி, தோட்டத்துப் பக்கம் மரியாதையாகப் போயிற்று. உள்ளே ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டேன், காய்ந்திருந்தது. கன்னத்தையே வைத்துப் பார்த்தேன். அக்கா மெஷினிலிருந்து தலை தூக்காமல், "ஒழுகுதா?" என்றாள். "இல்லை" என்றேன். "ம்" என்று மெஷினை மிதித்தாள். வெளியே அத்தனை மழை, உள்ளே அந்த மெஷின் சத்தம். சொன்னால் சிரிப்பீர்கள் மாப்பிள்ளை, இத்தனை வருஷம் கூட இருந்தும், இவள் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே யோசனை இதுதான்: ஒரே நீளமாக அலுமினியம், சரிவைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அளவெடுக்க நீங்கள் ஏறாதீர்கள். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் மேலிருந்து இறங்குவதெல்லாம் நல்லதாகவே இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் போனபோது சிரிப்பு மேஸ்திரி வந்தார். போகிற இடத்திலெல்லாம் சரிவு பார்க்க ஆள் வேண்டும், கூட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அக்காவைக் கேட்டார். அவள் சரி என்றுவிட்டாள். உறை ஒட்டாமலே இரண்டு நாள் கிடந்தது, அதற்குள் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளியாயிற்று. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய அறையில் இப்போது அலுமினியச் சுருள் அடுக்கியிருக்கிறது, நான் பட்டன் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வருகிறாளாம், அதுவரை யாரையும் கூரையில் ஏற்ற வேண்டாம் என்கிறாள். தம்பி ஆயிற்றே, ஏதாவது குறைத்துக்கொள்வாயா என்று கேட்டேன். "தம்பிங்கறதாலதான் முன்பணம் முழுசா வாங்கணும்" என்கிறாள்.