மாடிக்கு வெந்நீர்

தென்காசி,
ஆடி 14, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் குத்தாலிங்கம் அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை உமாவின் கணவன் நாறும்பூநாதன் பணிவுடன் எழுதுவது. இலஞ்சி முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌகரியம். சென்னையில் தங்கள் சர்க்கரையும் நிர்மலா அக்காவின் முட்டுவலியும் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன். சாரல் நேற்றிலிருந்து கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது.

கையில் செல்போன் இருக்க இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே ஏச ஆரம்பித்துவிடுவீர்கள். கடுதாசி என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தானே ஏச முடியும். விஷயம் இதுதான். காசிக்குப் போய் வந்தவன் சமாராதனை வைக்காமல் இருக்கலாமா, வருகிற வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேரோடு வருகிறேன், ஆளுக்கொரு கங்கைச் செம்பு எடுத்து வை என்று சொல்லியிருக்கிறீர்கள். அத்தான், செம்பும் இல்லை, கங்கையும் இல்லை. நாங்கள் காசிக்குப் போகவில்லை. செங்கோட்டையைக்கூடத் தாண்டவில்லை.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், தென்காசியில் வீடு வைத்திருக்கிறவனுக்குத் திண்டாட்டம். ஆனி பிறந்ததும் ‘சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்’ என்று துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். போன வருஷம் ஒரு குடும்பம் நாலு நாள் இருந்து தின்று குளித்துப் போனது. அவர்கள் ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகு உமா, “அவுக உங்க சொந்தமா?” என்று கேட்டாள். அவள் சொந்தம் என்றல்லவா நான் விழுந்து விழுந்து உபசரித்தேன்! (உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் பதினொரு பேரோடு வந்தாலும் உரிமையுள்ளவர்.) இந்த அமளியில், கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் உங்கள் தங்கை சாரல் காலத்தில் ஒரு நாள்கூட அருவியில் தலை நனைத்ததில்லை. குளிக்கப் போனவர்கள் பசியோடு திரும்புவார்கள், இவள் இட்லிக் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருப்பாள். இந்த வைகாசியில் ஒரு நாள் சொன்னாள்: “ஒரு வருசம், ஒரே ஒரு வருசம், அடுப்பு பத்த வைக்காம சாரலைப் பாக்கணும். அருவில நின்னு ஆசைதீரக் குளிக்கணும். செத்த பொறவு குளிப்பாட்டுனா எனக்குத் தெரியவா போகுது?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காசிக்குப் போகிறோம் என்று சொல்லி வீட்டைப் பூட்டினால் ஒரு ஈ காக்கா வராது என்பது என்னுடைய மூளை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் படகு விடுகிற குளம் இருக்கிறதே, அதன் கரையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைச் சமையல் ஆளோடு சேர்த்து ஒரு வாரத்துக்குப் பிடித்தேன். இன்டர்நெட் படத்தில் வாசல்படியைக் குளத்துத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நேரில் பார்த்தால் படிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏழு எருமை. ஜன்னலைத் திறந்தால் எருமை தெரியும், அது மனசுவைத்து நகர்ந்தால் குளம் தெரியும். ஆனாலும் அத்தான், முதல் நாள் சாயந்தரம் மலைமேல் மேகம் இறங்கி, சாரல் பன்னீர் தெளித்த மாதிரி விழுகிறபோது வாத்துப் படகில் பெடல் மிதித்துக்கொண்டே உமா, “நல்லாருக்கு, என்ன?” என்றாள். அவள் என்னை இதுவரை பாராட்டியது மொத்தம் மூன்று தடவை, அதில் இது ஒன்று. சமையல் பார்க்கிற சங்கரேஸ்வரியோ இவளை அடுக்களைப் பக்கமே விடவில்லை. “ஆச்சி, நீங்க கெஸ்ட்டு. கெஸ்ட்டு உள்ள வந்தா ஓனரு என்னைய ஏசுவாரு. அங்கன போய் உக்காருங்க” என்றாள். உமா வெளியே நின்றபடியே, “ஏட்டி, தேங்காயை இன்னும் கொஞ்சம் நைசா அரை” என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் கார் சத்தம். “ஏட்டி நிர்மலா, பெட்டியைப் பாத்து எறக்கு, ஊறுகா பாட்டில் ஒடைஞ்சிராம” என்று ஒரு குரல். லோகத்தில் ஒரே ஒரு தொண்டைக்குத்தான் அந்தக் குரல் உண்டு. தங்கை வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று நீங்களும் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறீர்கள்! குற்றாலத்தில் இத்தனை வீடு இருக்க, எங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள மாடியை எப்படித்தான் பிடித்தீர்களோ, விதி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குரங்குக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினால் எதிரே நீங்கள். “வாட்ச்மேனா? ஏலே, மாடிக்கு ரெண்டு வாளி வெந்நீ கொண்டா. நல்லா சூடா இருக்கணும்” என்றீர்கள். கொண்டுவந்தேன். அத்தான், மூன்று நாளும் காலையிலும் சாயந்தரமும் பதினேழு படி ஏறி உங்களுக்கு வெந்நீர் சுமந்த வாட்ச்மேன் நான்தான். அருவியில் குளித்துவிட்டு வருகிறவருக்கு எதற்கு வெந்நீர் என்று தோன்றத்தான் செய்தது. வாட்ச்மேன் அதைக் கேட்கலாமா? “ஆளு நல்லவன்தான், மூளைதான் கொஞ்சம் கம்மி” என்று நிர்மலா அக்காவிடம் நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. ஊருக்குப் புறப்படும்போது எனக்கு ஒரு சட்டை கொடுத்தீர்கள். அது உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. எனக்கு அளவாகத்தான் இருக்கிறது.

உங்களைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. என் மனசை அறுப்பது வேறு. அண்ணன் மாடிக்கு வந்துவிட்டார் என்றதும் உமா, “மாடிக்கும் சங்கரேஸ்வரிதான் சமையலாம், அவ வைக்கிற கொழம்பு அண்ணாச்சிக்கு எறங்காது. நீங்க ரூமுக்குள்ளயே கெடங்க, வெந்நீ கேட்டா மட்டும் வெளிய வந்தாப் போதும். அடுக்களையை நான் பாத்துக்கிடுதேன்” என்று கிளம்பிவிட்டாள். விடியற்காலம் ஐந்தரைக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். பின்கட்டு அடுக்களையில் கூரை ஒழுகுகிறதோ என்னவோ, தலை சொட்டச் சொட்ட வருவாள். மேலெல்லாம் எண்ணெய் வாசம், கேட்டால் வடை சுட்டேன் என்பாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும், எத்தனை பாத்திரம் தேய்த்தாளோ. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முகத்தில் ஒரு தெளிச்சி வேறு, மகராசி, என் மனசு நோகக்கூடாதே என்றுதான். மத்தியானம் மாடியிலிருந்து நீங்கள், “அடடா, என் தங்கச்சி வைக்கிற சொதி மாதிரியே இருக்கு!” என்று ஐந்தருவிவரை கேட்கிற மாதிரி சொல்வீர்கள். கீழே எனக்குக் கண் கலங்கிவிடும்.

அடுப்படியிலிருந்து தப்பிக்கவைக்கிறேன் என்று கூட்டிப் போய், இன்னொருத்தர் அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். இந்த வருஷமும் அவள் அருவியில் நனையவில்லை. பொய் சொன்னது நான், ஏசுவதானால் என்னை ஏசுங்கள். அவளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், பிறந்த வீடு என்றால் அவளுக்கு உசிர். வெள்ளிக்கிழமை நீங்களும் அக்காவும் மட்டும் வாருங்கள். அன்றைக்கு அடுப்பு என் பொறுப்பு. எனக்கு உப்புமா தெரியும். நீங்கள் உங்கள் தங்கையை ஐந்தருவிக்குக் கூட்டிப் போய், அவள் போதும் என்கிறவரை நிற்கவைத்துக் கூட்டி வாருங்கள். எனக்கு அது போதும்.

இன்னொன்று. காசியில் என்ன காய் விட்டாய் என்று நீங்கள் போனில் கேட்டபோது பதற்றத்தில் கத்தரிக்காய் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து உமா கத்தரிக்காயே வாங்குவதில்லை. போகாத காசிக்கும் விட்டது விட்டதுதானா என்று நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

நிர்மலா அக்காவுக்கு வணக்கம். மருமகள் ஸ்வாதிக்கு ஆசீர்வாதம். குற்றாலநாதர் எல்லோரையும் நனைந்தும் ஜலதோஷம் பிடிக்காமலும் வைத்திருக்கட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
நாறும்பூநாதன்

பின்குறிப்பு: அண்ணாச்சி, உமா எழுதுதேன். கடுதாசியை எங்கிட்ட குடுத்துட்டு இவுக ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காக. நீங்களும் மதினியும் நானும் மூணு நாளும் ஐந்தருவில கெடந்ததை இவுககிட்ட மூச்சு விட்டுராதீங்க. மாடி வீட்டு ஓனர் நம்பரை உங்களுக்கு அனுப்புனது நான்தான்னும் சொல்லாதீங்க. ஆளு வந்தா எனக்கு ஆகாதுன்னா சொன்னேன்? அடுப்புதான் ஆகாது. சொதி சங்கரேஸ்வரி வச்சது, பக்குவம் மட்டும் என்னது. வெந்நீ சொமக்க வச்சதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு, பாவம். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு இல்ல, பதினெட்டு பேரும் வாங்க, உப்புமாதானே, இவுக கிண்டட்டும். கத்தரிக்காயை மட்டும் அவசரப்பட்டு விடுவிச்சிராதீங்க, தின்னா இவுகளுக்குச் சொறி வருது. அடுத்த வருசம் இவுகளை நெசமாவே காசிக்கு அனுப்பிருவோம். அந்த வீட்டுக்கு நான் இப்பவே சொல்லி வச்சிட்டேன்.