கழிப்பறைச் சாவிக்காக நான் கூண்டேறிய கதை

பாசமும் பயமும் கலந்த அன்புள்ள அண்ணாவுக்கு,

தையற்கடைத் தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். சுகம் என்பதில் என் முழங்கால் சேராது. அண்ணியின் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். "கோர்ட்டுப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே" என்று போனில் கத்தினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எங்கே பேச விடுகிறாய்?

எங்கள் சந்தைத் தெருவில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையை நகராட்சிக்காரர்கள் பூட்டி, உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. எதிரே பழம் விற்கிற அக்கா சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கமிஷனரைப் பார்க்கப் போனால் "மீட்டிங்ல இருக்கார்" என்பார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மனிதர் தனியாக உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுத் தைக்க ஒரு வக்கீலம்மா வந்தார். அளவெடுத்தபடியே நான் புலம்ப, கையைத் தூக்கியபடியே அவர் கேட்டுக்கொண்டார். வழக்குப் போட்டாயிற்று.

விசாரணை நாளான செவ்வாய்க்கிழமை முதலில் தப்பான அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே யாரோ புருஷன் பெண்டாட்டியின் விவாகரத்து. அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு நான் விசும்பி அழ, "நீங்க யார் தரப்பு?" என்று கேட்டு வெளியே அனுப்பினார்கள். சரியான அறையில், கம்பீரமாக ஒருவர் நுழைந்ததும் எழுந்து பெரிய கும்பிடாகப் போட்டேன். அவர் மின்விசிறி ரிப்பேர் பார்க்க வந்தவராம். அதனால் உண்மையான ஜட்ஜம்மா வந்தபோது உஷாராக உட்கார்ந்தே இருந்தேன். வக்கீலம்மா தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

கூண்டில் ஏறியதும் நகராட்சி வக்கீல் கேட்டார்: "வீட்டுக்குப் போயிட்டு வரலாமே, என்ன கஷ்டம்?"

"ரெண்டு பஸ் மாறணும் சார். நீங்க மாறிப் போவீங்களா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அதைத்தானே சார் சொல்றேன், நீங்க…"

ஜட்ஜம்மா கையை உயர்த்தினார். "அவங்க சொல்லி முடிக்கட்டும்."

அண்ணா, பிறந்ததிலிருந்து எனக்காக யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வந்ததே மறந்துபோய், குடிக்கத் தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: "இதைக்கூட நாங்க அங்க தைரியமாக் குடிக்க முடியலைம்மா."

அடுத்து கமிஷனர். என்னைப் போலவே பெயர் சொல்லி, என்னைப் போலவே உண்மை பேசுவதாக உறுதி சொல்லி, நான் நின்ற அதே பலகையில் நின்றார். பாதியில் நான் "பொய்!" என்று கத்திவிட்டேன். "நீங்க பேசுறப்ப அவர் குறுக்க பேசினாரா? உட்காருங்க" என்று எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. எரிச்சல்தான், ஆனால் நியாயம்தானே?

"உங்க ஆபீஸ் கழிப்பறை பூட்டியிருந்தா என்ன செய்வீங்க?" என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"திறக்கச் சொல்லுவேன் மேடம்."

"சந்தையில இருக்கறவங்க யார்கிட்ட சொல்லணும்?"

"என்கிட்ட."

"வந்து சொன்னாங்களா?"

"நான்… மீட்டிங்ல இருந்தேன் மேடம்."

அறையே சிரித்தது. அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. உடனே திறக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அவர் எங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "கதவுக்குத்தான் வழக்குப் போட்டிருக்கீங்க" என்று ஜட்ஜம்மா மறுத்துவிட்டார். போகட்டும்.

சாவியோடு கமிஷனரே வந்தார். பூட்டுத் துருப்பிடித்துத் திறக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து அவரே சுத்தியலால் உடைத்தார். பழக்கார அக்காதான் முதலில் உள்ளே போனாள். வெளியே வந்து, ஒரு பாட்டில் தண்ணீரை எல்லார் எதிரிலும் மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தாள். ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும்தான் நானும் கமிஷனரும் ஒன்று என்று நினைத்திருந்தேன் அண்ணா. சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் ஒன்றுதானாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள். உங்கள் வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சொல்பேச்சுக் கேளாத தங்கை

பி.கு.: அப்பாவின் மாடி வீட்டில் என் பங்கைக் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறாயே, அதைப் பேச்சுவாக்கில் வக்கீலம்மாவிடம் சொன்னேன். நோட்டீஸ் தனித் தபாலில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. அவ்வளவு நல்ல இடத்தை நீயும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டாமா?