முன்னால் நாற்பது, பின்னால் அறுபது

புத்தளம் மாவட்டத்திலேயே ஒரே நேரத்தில் இரண்டு வயதில் வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். எங்கள் கந்தோர் வாசலால் உள்ளே வரும்போது அவருக்கு நாற்பது வயது. அதே வாசலால் திரும்பிப் போகும்போது அறுபது. உப்பு ஏற்ற வரும் லொறிக்காரர்கள், "காலையில வந்த மகன் எங்க? வாப்பா மட்டும் தனியாப் போறாரு" என்று கேட்பார்கள். முதல் ஒரு மாதம் எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிப்பதில்லை. எனக்கோ சிரிக்கவே வழியில்லாமல் போனது. ஏனென்றால் அந்தப் பின்பக்கத்து அறுபது வயதுக்குப் பொறுப்பாளி ஆனவன் நான்தான்.

எங்களுடையது புத்தளம் டவுனுக்குச் சற்று வெளியே, உப்பு வாங்கி விற்கும் ஒரு சின்னக் கந்தோர். நான் அங்கே கிளார்க். சண்டைக்காலத்தில் வன்னியிலிருந்து வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, மாம்புரியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவன். சம்பளத்தோடு சேர்த்து எனக்குக் களைப்பையும் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு வயதுக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஸ்டோருக்குப் பொறுப்பு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றப்படி ஊருக்கே அவர் அரைப் பெக்கட் நானா.

தலைக்கு அடிக்கும் கறுப்பு டைத் தூள் சின்னப் பெக்கட்டில் வருமல்லவா? ஒரு தலைக்கு ஒரு பெக்கட் என்பது உலக வழக்கம். நானா அதில் பாதியைக் குழைத்து, நெற்றியிலிருந்து காது வரைக்கும் மட்டும் பூசுவார். மீதிப் பாதியை வாயை மடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் குத்தி, ஸ்டோர் அலுமாரியில் அடுத்த மாதத்துக்கு வைப்பார். காதுக்குப் பின்னால் தலை வெள்ளை வெளேரென்று கிடக்கும்.

"ஏன் நானா பின்னுக்கு மட்டும் விட்டு வைக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கோலில பின்னுக்குத் தெரியாதே தம்பி" என்றார்.

கோல் என்றால் குவைத் போன் கோல். அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய் அப்போது பல வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கல்யாணம் முடித்து வைத்தது அவர் அனுப்பிய காசுதான். தினமும் அசர் தொழுதுவிட்டு வந்ததும் நானா போனை அலுமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவில் ராத்தாவோடு கதைப்பார். ராத்தாவுக்குத் தெரிவது முன்பக்கம். ஆகவே முன்பக்கம் கறுப்பாக இருந்தால் போதும். இந்தக் கணக்கில் பிழை பிடிக்க எங்கள் முதலாளியாலேயே முடியவில்லை.

சாமான் விலையெல்லாம் தலைக்கு மேலே போன அந்தப் பொல்லாத வருடத்தில் டவுன் சலூன்காரரும் விலையை ஏற்றினார். மறுநாள் மத்தியானம், நான் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும் நேரம் பார்த்து நானா என் மேசைக்கு வந்தார். கையில் கத்தரிக்கோல். சாக்குத் தைக்கும் நூல் வெட்டுகிற அதே கத்தரிக்கோல்.

"தம்பி, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்க. முன்பக்கத்த நான் கண்ணாடி பாத்து வெட்டிக்கிருவன்."

"எனக்கு மயிர் வெட்டத் தெரியாது நானா."

"ஒங்கட எழுத்து முத்து முத்தா இருக்கே."

"எழுத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் நேர் கோட்டில போகணும், அவ்வளவுதான்."

அன்று தொடங்கியது. மாதத்தில் ஒரு மத்தியானம் எனக்குச் சோறு ஆறிப்போகும். நானா வெறும் உப்புச் சாக்கொன்றைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கதிரையில் உட்காருவார். நான் வெட்டுவேன். சாக்கில் ஒட்டியிருந்த உப்பு கழுத்தில் பட்டு, எழும்பும்போது அவர் அவித்த இறால் நிறத்தில் இருப்பார். "உப்பு நல்லது தம்பி, பேன் வராது" என்பார். கந்தோரில் பத்துப் பேர் இருந்தும் என்னிடம் மட்டும் ஏன் வந்தார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன். யோசனை முடியுமுன்னே தூங்கிவிடுவேன்.

வெட்டுக் கூலி மிச்சமான துணிச்சலில் டைக்கும் வழி தேடினார். முதலில் தேயிலைச் சாயம். மூன்று நாள் தலை பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் இருந்து, குளித்ததும் போய்விட்டது. அடுத்தது சிரட்டைக் கரியை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்தது. நல்ல கறுப்புத்தான். ஆனால் அன்று பார்த்துக் கொழும்பிலிருந்து உப்பு வாங்கும் பெரிய ஆள் ஒருவர் வந்தார். வெயிலில் குவியலைக் காட்டிக்கொண்டிருந்த நானாவின் இரண்டு கன்னத்தாலும் கறுப்புக் கறுப்பாக வழிந்தது. வந்தவர் பயந்துபோய், "இவருக்கு ஏதோ செய்யுது, உட்கார வையுங்க" என்று கத்தினார். உட்கார வைத்தோம். கதிரையின் சாய்மானம் இன்றைக்கும் கறுப்பு.

பிறகு பள்ளிவாசலில் மௌலவி, கறுப்பு வேண்டாம், மருதோண்டி பூசுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மருதோண்டி வேலியோரம் சும்மா கிடைக்கிற சாமான் என்பதால் நானாவுக்கு அந்த உபதேசம் மிகவும் பிடித்துப்போனது. எங்கள் பக்கத்து உவர்த் தண்ணியில் குழைத்ததாலோ என்னவோ, மறுநாள் செவ்விளநீர் நிறத்தில் ஒரு தலையோடு வந்து நின்றார். அன்று அசருக்குப் பிறகு கோலில் ராத்தா, "என்ன, வெளிச்சம் பட்டுத்தான் அப்பிடித் தெரியுதா?" என்று கேட்டாராம். "ஓம் புள்ள, பல்ப் சரியில்ல" என்று சமாளித்துவிட்டு மறுபடியும் அரைப் பெக்கட்டுக்குத் திரும்பினார்.

ஒரு மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் முழுக்க லொறி, அன்று காலையில் பஸ் இல்லை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். கத்தரிக்கோலைக் கண்டதும் கத்திவிட்டேன். "சலூனுக்குப் போங்க நானா! நானும் மனிசன்தானே? இல்லாட்டி, யார் பார்க்கப் போகினம், அப்படியே நரைச்சபடி இருங்கோ!"

நானா கோபப்படவில்லை. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நரைச்ச தலையக் கண்டா அவள் அழுவாள் தம்பி. ஒருக்கா ரெண்டு நரையக் கண்டே அழுதிட்டாள். 'நான் இல்லாமத்தான் கெழவனாப் போனீங்க, எல்லாத்தையும் போட்டிட்டு வாறன்' எண்டாள். அப்ப சின்னவள்ற வீடு அரை குறையில நிண்டது. அதுக்காக டை அடிச்சுத்தான் ஆகணும். அதுக்கெண்டு, அவள் வேற ஆக்கள்ற குசினியில நிண்டு அனுப்புற காசில நான் சலூன் கதிரையில சாஞ்சு கெடக்கிறதா? மனசு கேக்குமா, சொல்லுங்க."

நான் சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு வெட்டினேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பதாவது வருடம் ராத்தா வேலையை விட்டு அடியோடு வருவதாகச் செய்தி வந்தது. நானா ஸ்டோரிலிருந்து ஓடி வந்து என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தம்பி, இனிப் பின்பக்கமும் வேணும்!"

ராத்தா வருவதற்கு முதல் நாள் நானா ஒரு முழுப் பெக்கட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். கந்தோரே எழும்பி நின்று கை தட்டியது. போகும்போதும் நாற்பது, வரும்போதும் நாற்பது. லொறிக்காரர் ஒருவருக்கு ஆளை அடையாளமே மட்டுப்படவில்லை. ஓரத்தை மட்டும் லேசாக ஒதுக்கிவிடும்படி மத்தியானம் நானா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமும் காட்டி ஏய்த்த தலையை நாளைக்கு அவள் சுற்றிவரப் பார்க்கப்போகிறாள் என்பதே அவருடைய ஒரே பயம். நானும் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து போன் அடித்தது. பெட்டி கட்டியாகிவிட்டது என்று சொல்ல ராத்தா எடுத்த கோல். நானா சடாரென்று தலையைத் திருப்பினார். கத்தரிக்கோல் நேரே போனது.

காதுக்குப் பின்னால், ஒரு மாரி பிஸ்கட் அளவில், தோல் தெரிய ஒரு ஓட்டை.

நானா தடவிப் பார்த்தார். "பரவாயில்ல தம்பி, கோலில தெரியாது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. அப்படியே கதிரையில் சரிந்துவிட்டார்.

மறுநாள் சுபஹு தொழுத கையோடு ராத்தாவைக் கூட்டிவர வான் வெளிக்கிட்டது. குற்ற உணர்ச்சியில் நானும் ஏறினேன். முதல் நாள் பின்னேரமெல்லாம் சலூனுக்குக் காசு கொடுக்க மனம் வராத நானா வானில் ஏறிய பிறகுதான் சம்மதித்தார், அந்த நேரத்தில் புத்தளத்தில் சலூன் ஒன்றும் திறந்திருக்கவில்லை. சிலாபத்தில் ஒன்று திறந்திருந்தது. சலூன்காரர் வயதான சிங்கள ஆள். "சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, நீங்க வானில படுங்க" என்று நானா என்னைத் தள்ளிவிட்டு இறங்கினார். இரவெல்லாம் அந்த ஓட்டையை நினைத்துத் தூங்காதவன் நான், நன்றாகத் தூங்கிவிட்டேன். உள்ளே நடந்ததை, சலூன் வாசலில் நின்ற வான் டிரைவர்தான் பிறகு சொன்னார்.

சலூன்காரர் ஓட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த ஆட்டலில் நானாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. எங்கே மொட்டை அடித்துவிடுவாரோ என்று, "மொட்ட எபா! மொட்ட எபா!" என்று கத்தியிருக்கிறார். எபா என்றால் சிங்களத்தில் வேண்டாம். அது சரி. ஆனால் மொட்ட என்றால் சிங்களத்தில் மொட்டை இல்லை, மழுங்கிப்போனது. தன் கத்தரிக்கோலைப் பார்த்தா இப்படிச் சொல்கிறான் என்று கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மொட்ட நே மாத்தயா!" என்று சொல்லி, பெட்டியிலிருந்து புத்தம் புது மெஷினை எடுத்திருக்கிறார். மழுங்கலே இல்லை ஐயா என்று அவர் சொன்னதை, மொட்டை இல்லை என்று விளங்கிக்கொண்டு நானா நிம்மதியாகச் சாய்ந்தார். "ஒக்கொம சம கரன்னத?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டாராம். எல்லாவற்றையும் சமமாக்கவா என்று அர்த்தம். "ஓ, ஓ, சம, சம" என்று சொல்லிவிட்டு நானா கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவர் சமமாக்கினார். ஓட்டையின் ஆழத்துக்கு.

நான் எழும்பிப் போனபோது நானா கதிரையில் அசையாமல் இருந்தார். நிலமெல்லாம் கறுப்பு மயிர். "முழுப் பெக்கட் தம்பி" என்றார். கிழவர் கேட்ட காசைப் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவர் பேரம் பேசாமல் காசு கொடுத்ததை அன்றுதான் கண்டேன்.

வெள்ளைத் தொப்பியைப் போட்டுத் தலையை மூடிக்கொண்டு கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே புதுத் தொல்லை. மழித்த தலையும் வெள்ளைத் தொப்பியும் கண்டு, மக்காவுக்குப் போய்த் தலை மழித்து வருகிறவர் என்று எண்ணி, கம்பிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஸலாம் சொல்லி நானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்ரா முடிஞ்சு இப்பதான் வாறீங்களோ? எங்களுக்கும் துஆச் செய்ங்க." அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். விளங்கப்படுத்த நானாவுக்குத் தெம்பில்லை. மூன்று பேருக்கும் கையேந்தி துஆக் கேட்டார்.

ராத்தா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். கோலில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அவருடைய கண் எங்களைத் தாண்டி ஒரு தடவை போனது. இன்னொரு தடவையும் போனது. மூன்றாம் தடவை நின்றது. கிட்ட வந்து நானாவின் தொப்பியைத் தூக்கினார். மழித்த தலையைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னய உட்டுட்டு உம்ராக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"உம்ரா இல்ல புள்ள. சிலாபம்."

ராத்தாவுக்கு விளங்கவில்லை. தலைத்தோலில் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்ற கறுப்பைச் சீலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். "இது என்ன?"

"டை" என்றார் நானா. இத்தனை வருடப் பொய் அந்த ஒரு எழுத்தோடு முடிந்தது. "நரைச்சுப் போச்சு புள்ள. முழுக்க நரைச்சுப் போச்சு. ஒனக்குத் தெரியக் கூடாதெண்டுதான்..."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்? முன்பக்கம் கறுப்புத்தானே?"

"கதைச்சு முடிச்சதும் நீங்க போனை அலுமாரியில உட்டுட்டு எழும்பிப் போவீங்க. ஒரு நாளாவது கட் பண்ணி இருக்கீங்களா? கதவு வரைக்கும் நடந்து போறது எனக்குத் தெரியும். அந்த வெள்ளத் தலையப் பாத்திட்டுத்தான் நான் கட் பண்ணுவன், ஒவ்வொரு நாளும்." அதைச் சொல்லும்போது அழவில்லை. நாங்கள் இருவரும்தான் அழுதோம், நானாவும் நானும்.

இப்போது நானாவுக்கு முன்னாலும் அறுபது, பின்னாலும் அறுபது. டை வாங்குவதில்லை. ராத்தா வீட்டில் வைத்து வெட்டிவிடுகிறார், குவைத்தில் எசமானியின் பிள்ளைகளுக்கு வெட்டிப் பழகிய கையாம். என்னைவிட நேராகத்தான் வெட்டுகிறார். ஆகவே மத்தியான இடைவேளை எனக்கு முழுசாகக் கிடைக்கிறது. சோறு சூடாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயரவும் நேரம் இருக்கிறது. இவ்வளவு காலமும் நான் ஏங்கியது இதற்குத்தான். ஆனாலும் போன வாரம் மத்தியானம், சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழும்பிப்போய், ஸ்டோர் வாசலில் நின்று, "நானா, பின்பக்கம் கொஞ்சம் வளர்ந்திருக்கிற மாதிரிக் கிடக்கு, வெட்டி விடட்டா?" என்று கேட்டேன்.